எழவில்லை

அமைச்சர் சட்டமன்றத்தில் எழுந்து நின்று சொன்ன பொய்யை எழுதிக் கொடுத்தவள் நான்தான். பெயர் ஜாஸ்மின். செம்மேட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். எந்தத் துறை என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்றத் துறைக்காரர்கள் எல்லாம் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று காலை நீட்டி உட்கார்ந்துவிடுவார்கள்.

மார்ச் மாதம். பட்ஜெட் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் காலை பத்தரை மணிக்கு மேலலுவலகத்திலிருந்து வாட்ஸப்பில் ஒரு தாள் வந்தது. தலையில் சிவப்பு எழுத்தில் 'சட்டமன்ற வினா - மிக அவசரம்'. பன்னிரண்டு மணிக்குள் பதில் போக வேண்டும். மனு கொடுத்துவிட்டு மூன்று வருடமாக நடக்கிறவனை எங்கள் ஆட்கள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். ஆனால் இந்தச் சிவப்பு எழுத்தைக் கண்டால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவார்கள்.

கேள்வியில் மூன்று பகுதி. (அ) கொல்லிமலையில் சாலை இல்லாத ஊர்களிலிருந்து நோயாளிகளைத் தொட்டில் கட்டித் தூக்கிவரும் நிலை உள்ளதா? (ஆ) அப்படித் தூக்கிவரும் வழியில் மூன்றாண்டுகளில் இறந்தவர்கள் எத்தனை பேர்? (இ) ஆம் எனில், அவ்வூர்களுக்குச் சாலை அமைக்க அரசு முன்வருமா? யாரோ ஓர் எம்.எல்.ஏ. கேட்டிருந்தார். நல்ல கேள்விதான்.

பதினான்கு ஊர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு போனில் உட்கார்ந்தேன். பதின்மூன்று ஊர்களில் நல்லதோ கெட்டதோ ஒரு சாலை இருந்தது. தூக்குவதும் இல்லை, அப்படிச் செத்தவர்களும் இல்லை என்றார்கள். பதினான்காவது, பைல் நாடு என்கிற மலைப்பகுதியில் இருக்கும் பலாக்காட்டுவளவு. அங்கே டவர் எடுக்காது. நேரில் போய்த்தான் கேட்க வேண்டும், போய்வர அரை நாள் ஆகும். அதனால் அந்தக் கட்டத்தில் 'அறிக்கை இல்லை' என்று எழுதினேன். அங்கிருந்து தகவல் வரவில்லை, எங்களுக்குத் தெரியாது என்று அர்த்தம்.

எங்கள் கண்காணிப்பாளர் சென்னியப்பன் சார் எனக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார்.

"அறிக்கை இல்லைன்னு போனா, ஏன் வாங்கலைன்னு திருப்பி அனுப்புவாங்க. இன்மை அறிக்கைன்னு போட்டுடு கண்ணு."

இன்மை அறிக்கை என்பது அலுவலகத் தமிழ். விசாரித்தோம், அப்படி ஒன்று நடக்கவே இல்லை, எண்ணிக்கை பூஜ்யம் என்று பொருள். அறிக்கை இல்லை, இன்மை அறிக்கை. காதில் கேட்டால் இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். ஒன்று, தெரியாது என்கிறது. மற்றது, தெரியும், இல்லை என்கிறது. நான் பி.ஏ. தமிழ் படித்தவள். வித்தியாசம் தெரியாமல் மாற்றவில்லை. மணி பதினொன்று ஐம்பது ஆகியிருந்தது, அவ்வளவுதான். மாற்றி அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

எட்டாம் நாள் அமைச்சர் பதில் சொன்னார். எங்கள் அலுவலக டிவியில் பார்த்தோம். வெள்ளைச் சட்டையில் எழுந்து, தாளைப் பார்த்துப் படித்தார். (அ) இல்லை. (ஆ) இல்லை. (இ) வினா எழவில்லை. உட்கார்ந்துவிட்டார். மொத்தம் அரை நிமிடம்கூட ஆகவில்லை. மேசையைத் தட்டினார்கள்.

"ஒரு துணைக் கேள்விகூட வரல பாரு" என்று சென்னியப்பன் சார் எல்லோருக்கும் முறுக்கு வாங்கி வரச் சொன்னார். நானும் தின்றேன். இதை மறைத்துவிட்டு மேலே சொன்னால் நானும் அவர்களில் ஒருத்திதான்.

இரண்டு நாள் கழித்து ஒரு பெரியவர் வந்தார். தலையில் துண்டு, கையில் மடித்த தாள். பெயர் காளியண்ணன், ஊர் பலாக்காட்டுவளவு என்றார். என் பட்டியலின் பதினான்காவது ஊர். அவருடைய தம்பி மகன் ரமேஷ்குமார் போனில் வந்த அமைச்சரின் பதிலைச் செம்மேட்டு ஜெராக்ஸ் கடையில் தாளாக எடுத்துக் கொடுத்திருக்கிறான். காளியண்ணன் அதை என் மேசையில் விரித்து, மூன்றாவது வரியில் விரலை வைத்தார்.

"ஏனுங்க அம்மிணி, நான் அஞ்சாப்பு வரைக்குந்தான் படிச்சேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். இதுல எழவு இல்லைன்னு தானுங்களே போட்டிருக்கு?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் மறுபடி விரலால் தடவிக் காட்டினார். எழவில்லை. எழவு இல்லை.

"இல்லீங்க, அது எழவு இல்லை. எழு என்கிற சொல்லுங்க. கேள்வி எழும்பவில்லை, கேக்க வேண்டிய அவசியமே வரலை என்று..." என்று நான் தமிழ்ப் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அந்தப் பொறுமைதான் என்னைப் பாதியில் நிறுத்தியது.

"சரிங்க. ஆனா எங்க ஊட்டுல எழவு உழுந்துச்சுங்க" என்றார். "போன வருசம் தை மாசம். நானே தூக்கிக்கிட்டு வந்தேன்."

அவர் மனைவி பாவாயிக்கு மிளகு பறித்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சு வலி வந்திருக்கிறது. நான்கு பேர் தூளி கட்டித் தூக்கினார்கள். ஊரிலிருந்து தார் ரோடு ஐந்து கிலோமீட்டர், ஒற்றையடிப் பாதை, நடுவில் ஓர் ஓடை. முன்னால் ஓடிய ஒருவன் டவர் கிடைத்த இடத்தில் போன் செய்ததில், ரோட்டு முனையில் 108 வண்டி வந்து நின்றிருந்தது. ஓடையைத் தாண்டி ஏறும்போது தூளிக்குள் சத்தம் நின்றுவிட்டது. பட்டப்பகல் பன்னிரண்டு மணி. இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து இறப்புச் சான்றிதழைக் காட்டினார். இறந்த இடம் என்ற கட்டத்தில் 'வழியில்' என்று இருந்தது. அரசாங்க முத்திரை, அரசாங்கக் கையெழுத்து. அரசாங்கமே கொடுத்த தாள் செத்தாள் என்கிறது, அரசாங்கமே சாகவில்லை என்கிறது.

"செத்தவ செத்துட்டா, அதுக்காக வரலீங்க. எம் பொண்ணு கோகிலவாணி மொதப் பிரசவத்துக்கு ஊட்டுக்கு வந்திருக்குது. மருமகன் கேரளாவுல மிளகுத் தோட்டத்துல இருக்காப்புல. இப்ப ஏழு மாசம். ரோடு வருமா வராதான்னு மட்டும் சொல்லுங்க சாமி."

வராது என்பது எனக்குத் தெரியும். வினா எழவில்லை என்று சபையில் சொன்ன பிறகு சாலைக் கோப்பைக் கட்டி மூலையில் போட்டுவிடுவார்கள். "பார்க்கறேங்க" என்றேன். எங்கள் உத்தியோகத்தில் மிகக் கேவலமான சொல் அதுதான்.

அவர் போனதும் சென்னியப்பன் சாரிடம் போனேன். தவறு நடந்துவிட்டது, திருத்தி எழுதுவோம் என்றேன்.

"திருத்தறதுன்னா என்னன்னு தெரியுமா? மினிஸ்டர் சபையில எந்திரிச்சு, நான் சொன்னது தப்புன்னு சொல்லணும். நம்ம ஆபீஸால மினிஸ்டர் எந்திரிக்கணுமா?"

"எந்திரிக்கட்டும் சார். அதுக்குத்தானே அங்க அனுப்பியிருக்காங்க."

"உனக்கு வாய் சாஸ்தி" என்று பையை எடுத்துக்கொண்டு சேந்தமங்கலம் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குக் கோபம் இத்தனை நாள் எரிந்திருக்காது. பதினெட்டு மாதத்தில் ஓய்வு, அதுவரை எந்தத் தாளும் தன்னைத் தேடி வரக் கூடாது என்பது மட்டும்தான் அவருடைய வேண்டுதல். இப்படி வேண்டிக்கொள்கிற நல்லவர்கள் மாடிக்கு மாடி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். எதுவும் தெரியாது, தாளில் இருந்ததைப் படித்தேன் என்பார். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அந்தச் சபையில் யார் தடுத்தார்கள்?

காளியண்ணன் மலையிறங்கிப் போய்க் குறைதீர் நாளில் மனு கொடுத்தார். அந்த மனு பன்னிரண்டே நாளில் ஐந்து மேசை சுற்றி என் மேசைக்கு வந்தது. யார் மேல் புகாரோ அவரையே விசாரிக்கச் சொல்வதுதான் எங்கள் நடைமுறை. மனுவின் ஓரத்தில் மேலலுவலகத்தில் யாரோ பச்சை மையில் எழுதியிருந்தார்கள்: 'அவையில் அளிக்கப்பட்ட பதிலுக்கு முரண்படாத வகையில் உண்மை நிலையை அறிந்து அறிக்கை அனுப்பவும்.'

அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. பதில் தப்பென்றால் பதிலைத் திருத்துவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவர்கள் நடந்ததைத் திருத்தச் சொல்கிறார்கள்.

சென்னியப்பன் சார் ஒரு வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தார். 'என் மனைவி பாவாயி நெடுநாள் நோயினால் எங்கள் வீட்டிலேயே இயற்கையாக இறந்தார். சான்றிதழில் உள்ள வழியில் என்பது தவறுதலாகப் பதிவானது.' கீழே கையெழுத்துக்கு இடம்.

"நீ போனா அந்த ஆளு போட்டுக் கொடுத்துருவான். உம்மேல மரியாதை வெச்சிருக்கான்" என்றார்.

போனேன். ஏன் போனேன் என்றால், அந்த ஊரை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று இருந்தது. செம்மேட்டிலிருந்து ரோட்டு முனைக்குப் பஸ்ஸில் பத்து நிமிடம், மூன்று கிலோமீட்டர். அப்புறம் ஐந்து கிலோமீட்டர் நடை. வெறும் கையோடு நடந்த எனக்கே ஓடைக்கரை ஏற்றத்தில் மூச்சு முட்டியது. தோளில் ஓர் ஆளைச் சுமந்து ஏறினால் எப்படி இருக்கும் என்று நினைத்தபடி ஒரு பாறைமேல் உட்கார்ந்தேன். பாவாயி போனது இந்த இடம்தான் என்று பிறகு சொன்னார்கள்.

காளியண்ணன் வீட்டு வாசலில் மரவள்ளிக் கிழங்கு சீவிக் காயப் போட்டிருந்தார்கள். வெளிச் சுவரில் ஒரு நீண்ட மூங்கில் கழி சாய்த்து வைத்திருந்தது. நடுவில் துணி உரசி உரசி வழவழப்பாகியிருந்தது. அதையே நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கோகிலவாணி கவனித்தாள். வயிறு முன்னால் தெரிய, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபத்திரண்டு வயது இருக்கும்.

"அம்மாவைத் தூக்குன கழி. எனக்கும் ஆவும்னு அப்பா எடுத்து உள்ள வெக்கல" என்றாள்.

காளியண்ணன் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். வாக்குமூலத்தை நான் வாய்விட்டுப் படித்தேன். எங்கள் வீட்டிலேயே என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன்.

"சாமி, நீங்க அந்த வழியாத்தான வந்தீங்க?" என்றார்.

"ஆமாங்க."

"அப்ப நீங்களே சொல்லுங்க. அவ எங்க செத்தா?"

தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தேன். "வழியிலங்க" என்றேன்.

"அத எழுத உங்களுக்குக் கை வருமாங்க?" என்று கேட்டது கோகிலவாணி. அவள் அப்பாவைப் போலப் பொறுமையாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு என் பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனாள்.

மறுநாள் அறிக்கையை என் கைப்பட எழுதினேன். பதினான்காவது ஊரிலிருந்து தகவல் பெறப்படவில்லை. தெரியாததை இல்லை என்று நான் எழுதினேன். கண்காணிப்பாளர் சொன்னதால் எழுதினேன் என்றாலும் எழுதிய கை என்னுடையது. பாவாயி தூக்கிவரப்பட்ட வழியில் இறந்தார். அமைச்சரின் பதில் மூன்று பகுதியிலும் தவறு. மேலலுவலகத்துக்கு ஒன்று, சட்டமன்றச் செயலகத்துக்கு ஒன்று, கேள்வி கேட்ட எம்.எல்.ஏ.வுக்கு ஒன்று. செம்மேட்டுத் தபாலாபீஸில் பதிவுத் தபாலில் போட்டு ரசீது வாங்கினேன்.

எனக்குத்தான் முதலில் பதில் வந்தது. பதினேழு-பி. அரசு ஊழியருக்கு அதைவிடப் பெரிய மிரட்டல் கிடையாது. வேலையையே பறிக்கக்கூடிய குற்றச்சாட்டுக் குறிப்பாணை. குற்றம் ஒன்று: அவைக்குத் தவறான தகவல் அளித்தது. குற்றம் இரண்டு: அது தவறு என்று வெளியே சொன்னது. இரண்டையும் ஒரே தாளில், ஒரே கையெழுத்தில் போட வெட்கமாக இல்லையா? இல்லை. அமைச்சர் சபைக்குப் பொறுப்பு என்று பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். பொறுப்பு மேலேயிருந்து உருண்டு உருண்டு கொல்லிமலையில் ஓர் இளநிலை உதவியாளர் மேல் வந்து விழுந்து நின்றது.

ஜூன் மாதம் சபை மறுபடி கூடியது. திருத்தம் வரும் என்று எம்.எல்.ஏ.வின் உதவியாளர் போனில் சொன்னார். நான் டிவி முன்னால் உட்கார்ந்தேன். யாரும் எழவில்லை. அன்று மேசையில் வைக்கப்பட்ட தாள்களில் ஒன்றாக அது போய்விட்டது. சாயங்காலம் போனுக்கு வந்தது. ஒரே வரி: 'பகுதி (ஆ)-வில் இல்லை என்பதை ஒன்று எனத் திருத்தி வாசிக்கவும்.'

அவ்வளவுதான். (அ) அப்படியே இருந்தது: தொட்டில் கட்டித் தூக்கிவரும் நிலை இல்லை. (இ) அப்படியே இருந்தது: வினா எழவில்லை. தூக்கிவருவதே இல்லையாம். தூக்கிவரும் வழியில் மட்டும் ஒருத்தி செத்தாளாம். படித்துப் பார்க்கக்கூட ஒருவருக்கும் நேரமில்லை.

ரமேஷ்குமார் செம்மேட்டுக்கு வந்திருந்தான். அவன் கையில் அந்தத் தாளைக் கொடுத்தனுப்பினேன். மன்னிப்பு என்று எதையும் எழுதவில்லை. என்ன எழுதினாலும் அது இன்னொரு அறிக்கையாகத்தான் இருந்திருக்கும்.

ஐந்தாம் நாள் சந்தை. பத்தரை மணி இருக்கும். வெளியே சந்தைச் சத்தம் திடீரென்று அடங்கியது. எட்டிப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து நான்கு பேர் கழி சுமந்து வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் காளியண்ணன், பின்னால் ரமேஷ்குமார். பழைய சேலையில் கட்டிய தூளி தரையை ஒட்டி ஆடி வந்தது. கீரை விற்கிறவர்கள், பலாப்பழக்காரர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் வழிவிட்டுப் பின்னாலேயே வந்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது.

எங்கள் அலுவலகப் படியில் தூளியை இறக்கினார்கள். உள்ளே கோகிலவாணி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வேர்த்திருந்தது, ஆனால் கண் தெளிவாக இருந்தது.

"வலி வந்துருச்சா?" என்று ஓடினேன்.

"இன்னும் பத்து நாள் இருக்குதுன்னாங்க டாக்டரம்மா. முன்னாலயே ஆசுபத்திரியில சேந்துக்கலாம்னு வந்தேன். ரோட்டு முனையில பஸ் ஏறிக்க ஏறிக்கன்னு எல்லாருஞ் சொன்னாங்க. நாந்தான் தூளிய உட்டு எறங்க மாட்டேன்னுட்டேன்."

தார் ரோட்டிலும் மூன்று கிலோமீட்டர் தூக்கி வந்திருக்கிறார்கள். நான்கு பேரின் தோளும் சிவந்து கன்றியிருந்தது. காளியண்ணனால் பேச முடியவில்லை. படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

சென்னியப்பன் சார் வெளியே வந்தார். ஏதோ கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே எழுந்து வந்திருக்கிறார். கூட்டத்தைப் பார்த்தார், தூளியைப் பார்த்தார்.

"என்னம்மா இது? ஆசுபத்திரி அந்தப் பக்கம். முதல்ல அங்க போங்க."

"போறேங்க சார். எங்கூர்ல யாரையும் தூக்கிட்டு வாரதில்லைன்னு அந்தத் தாள்ல அப்படியேதான இருக்குது?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "பாத்துக்குங்க. தூக்கிட்டு வந்திருக்காங்க."

"அதெல்லாம் மேல முடிவு பண்றது. நாங்க என்னம்மா பண்ண முடியும்?"

"பாத்ததை எழுத முடியுமில்லீங்க?"

நான் உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். தலையில் சிவப்பு மையில் 'சட்டமன்ற வினா - மிக அவசரம்' என்று எழுதினேன். கீழே, இன்று காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்குப் பலாக்காட்டுவளவைச் சேர்ந்த கர்ப்பிணி கோகிலவாணி தொட்டிலில் எட்டு கிலோமீட்டர் தூக்கிவரப்பட்டதை நாங்கள் நேரில் பார்த்தோம், ஆகவே பகுதி (அ)-வின் பதிலும் தவறு, பகுதி (இ)-யின் பதிலும் தவறு என்று எழுதி, என் கையெழுத்தைப் போட்டுக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினேன். இன்னொரு பதினேழு-பி வரட்டும். ஒன்று வந்தாலும் இரண்டு வந்தாலும் போவது ஒரே வேலைதான்.

அவர் வாங்கவில்லை. "பதினெட்டு மாசம் கண்ணு" என்றார் எனக்கு மட்டும் கேட்கும்படி. இப்போது பதினைந்து மாதம்தான். அவருக்கு அந்தக் கணக்குகூட மறந்திருந்தது.

"எங்கம்மா செத்தப்புறம் ஒன்னுன்னு எழுதறதுக்கு ஒன்றரை வருசம் ஆச்சுங்க சார்" என்றாள் கோகிலவாணி. வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டாள். "ஒன்னை ரெண்டுன்னு திருத்திக்கலாம்னு இருக்காதீங்க. நான் உசுரோட இருக்கறப்பவே எழுதிக்குங்க."

சென்னியப்பன் சார் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். பேனா அவர் கையிலேயே இருந்தது.

"எங்க போடணும்?" என்றார்.